அந்த வெள்ளை எங்கிருந்து வந்தது?

போன மாதம் எங்கள் ஊர் வாசகர் வட்டக் கூட்டத்தில் ஒரு நண்பர் மேலைநாட்டு ஓவியங்களைப் பற்றிப் பேசினார். சுவரில் படம் காட்டிக்கொண்டே ஒன்றேகால் மணி நேரம் பேசினார். உழைத்துத் தயாரித்திருந்தார், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு படம் வந்தபோது அவர் சொன்னது என்னை உறுத்திவிட்டது. கேள்வி நேரத்தில் கையைத் தூக்கினேன். மண்டபத்தைப் பூட்ட வேண்டும் என்று காவலாளி வந்து நின்றுவிட்டார். அங்கே சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன். நண்பர் இதைப் படிப்பார் என்று தெரியும். கோபித்துக்கொள்ள மாட்டார் என்றும் தெரியும்.

படம் பெர்த் மொரிஸோ என்ற பிரெஞ்சுப் பெண்மணி 1879 வாக்கில் வரைந்தது. வெள்ளை உடை அணிந்த ஒரு பெண் உட்கார்ந்து குழந்தைக்குப் பால் கொடுக்கிறார். குழந்தையும் வெள்ளை. சுற்றிலும் பச்சை. தூரிகை அவசர அவசரமாக ஓடியிருக்கிறது. முகம் எது, தோள் எது என்று பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். இம்ப்ரஷனிஸ்டுகளின் பாணி அது.

நண்பர் சொன்னார்: "தாய்மையின் ஒளி. இல்லத்தின் அமைதி. வேலை, கவலை எதுவும் இல்லாத ஒரு பொழுது."

இந்த மூன்று வாக்கியங்களும் தவறு என்பதுதான் என் வாதம். ரசனை ஆளுக்கு ஆள் மாறும் என்று சொல்லி இதைத் தள்ளிவிட முடியாது. படத்தில் யார் இருக்கிறார், என்ன செய்கிறார் என்பதே தவறாகச் சொல்லப்பட்டது.

முதலில், அந்தப் பெண் குழந்தையின் தாய் இல்லை. குழந்தையின் பெயர் ஜூலி மானே. 1878 நவம்பர் 14-ல் பிறந்தவள். தாய், படத்தை வரைந்த மொரிஸோவேதான். தந்தை யூஜின் மானே, புகழ்பெற்ற ஓவியர் எதுவார் மானேயின் தம்பி. பால் கொடுப்பவர் பெயர் ஆஞ்செல். சம்பளத்துக்குப் பால் கொடுக்க வந்த தாதி. படத்தின் பெயரே 'ஜூலி மானேவுக்குப் பால் கொடுக்கும் தாதி ஆஞ்செல்' என்பதுதான். தலைப்பில் வேலையின் பெயரும் இருக்கிறது, வேலைக்காரரின் பெயரும் இருக்கிறது. இரண்டையும் விட்டுவிட்டு 'தாய்மை' என்று ஒன்றை நாமாகச் சேர்த்துக்கொள்கிறோம்.

இன்னொன்று. நண்பர் மொரிஸோவை 'அவர்' என்றார், நடுவில் ஒருமுறை 'அந்த அம்மையார்' என்றார். தாதியைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் 'இவள்'. வேண்டுமென்று செய்தது இல்லை, நாக்குப் பழக்கம். உட்கார்ந்து வேலை செய்பவருக்கு ஒரு விகுதி, அவருக்கு வேலை செய்து கொடுப்பவருக்கு வேறு விகுதி என்று நம் எல்லோருக்கும் இருக்கும் பழக்கம்தான். இந்தக் கட்டுரையில் ஆஞ்செலுக்கும் 'அவர்'தான்.

இந்தப் பால் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். செவிலித்தாய் என்று நம் இலக்கியத்தில் படித்திருக்கிறோம், அதை வைத்து இதை எடைபோடக் கூடாது. பத்தொன்பதாம் நூற்றாண்டு பிரான்சில் இது பெரிய தொழில். கைக்குழந்தைக்குப் பசும்பால் கொடுப்பது அந்தக் காலத்தில் ஆபத்து. கிருமி நீக்கிய பாலும், நன்றாகக் கழுவிய புட்டியும் வீடுகளுக்கு வந்தது பாஸ்டருக்குப் பிறகு, அந்த நூற்றாண்டின் கடைசியில்தான். அதனால் பாரிஸில் வேலைக்குப் போகும் ஏழைப் பெண்கள் குழந்தையைக் கிராமத்துத் தாதியிடம் அனுப்பினார்கள். வசதியானவர்கள் தாதியை வீட்டுக்கே வரவழைத்தார்கள். மொர்வான் என்ற மலைப்பகுதி இப்படித் தாதிகளை அனுப்புவதற்கே பெயர் போனது. வீட்டோடு தங்கும் தாதிக்கு மற்ற வேலைக்காரர்களைவிடச் சம்பளம் அதிகம், சாப்பாடும் நல்ல சாப்பாடு. பால் நன்றாக இருக்க வேண்டுமே!

ஆனால் பால் சும்மா சுரக்காது. தாதியாக வர வேண்டுமானால் அந்தப் பெண்ணுக்குப் புதிதாக ஒரு குழந்தை பிறந்திருக்க வேண்டும். அந்தக் குழந்தை எங்கே? கிராமத்தில், பாட்டியிடமோ இன்னும் மலிவான வேறு தாதியிடமோ, பசும்பாலும் கஞ்சியும் குடித்துக்கொண்டு. அப்படி விடப்பட்ட குழந்தைகள் ஏராளமாக இறந்தன. தியோஃபீல் ருசேல் என்ற மருத்துவர் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்து போராடி 1874 டிசம்பர் 23-ல் ஒரு சட்டம் கொண்டுவந்தார். கூலிக்கு வளர்க்கக் கொடுக்கப்படும் இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை அரசு கண்காணிக்க வேண்டும் என்றது அது. இன்னொரு பிரிவும் அதில் உண்டு. பால் கொடுக்கும் வேலைக்கு வீட்டோடு போகும் பெண், தன் சொந்தக் குழந்தைக்கு ஏழு மாதம் நிறைந்துவிட்டது என்றோ, அதற்கு வேறொரு பெண் பால் கொடுக்கிறாள் என்றோ சான்று காட்ட வேண்டும். சட்டத்தில் இப்படி எழுதும் அளவுக்கு நிலைமை இருந்தது. அந்தச் சட்டம் வந்து ஐந்து வருடத்துக்குள் வரையப்பட்ட படம் இது.

இப்போது சொல்லுங்கள், "கவலை எதுவும் இல்லாத பொழுது" யாருக்கு?

சரி, ஆஞ்செல் வேலை செய்துகொண்டிருந்தார். எதிரே நின்ற மொரிஸோ? அவரும் வேலையில்தான் இருந்தார். வசதியான வீட்டுப் பெண் பொழுதுபோகாமல் வரைந்தது என்று நினைக்க வேண்டாம். 1874 முதல் 1886 வரை இம்ப்ரஷனிஸ்டுகள் நடத்திய எட்டுக் கண்காட்சிகளில் ஏழில் அவர் படங்கள் இருந்தன. விட்டுப்போன ஒன்று 1879. காரணம், ஜூலி பிறந்ததுதான். 1875-ல் அந்தக் குழுவினர் பாரிஸில் படங்களை ஏலம் விட்டபோது வந்திருந்தவர்கள் கூச்சல் போட்டுக் கேலி செய்தார்கள். அந்த ஏலத்திலேயே அதிக விலைக்குப் போனது மொரிஸோவின் ஒரு படம், 480 பிராங்க். தெகாவும் மோனேயும் செய்த அதே தொழிலைத்தான் அவரும் செய்தார்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பச்சைக்குழந்தைக்கு ஒரு நாளில் எட்டுத் தடவை, பத்துத் தடவை பால் கொடுக்க வேண்டும். வீட்டில் குழந்தை வளர்த்தவர்களுக்குத் தெரியும், அது முழுநாள் வேலை. அந்த நாளை ஆஞ்செல் விற்றார், மொரிஸோ வாங்கினார். வாங்கிய நேரத்தில் தூரிகை பிடித்தார். ஆஞ்செல் இல்லாவிட்டால் இந்தப் படத்துக்குப் பொருளும் இல்லை, வரைவதற்கு நேரமும் இல்லை. கூலி கொடுத்து வாங்கிய நேரத்தில், அந்தக் கூலி வேலையையே பார்த்து வரைந்திருக்கிறார். உலக ஓவியத்தில் இப்படி ஒரு நிலைமை மிக அபூர்வம். லிண்டா நோக்லின் என்ற அமெரிக்கக் கலை வரலாற்றாசிரியர் 1988-லேயே இந்த ஒரு படத்தை வைத்துக் கட்டுரை எழுதி, இது ஓய்வின் படமல்ல, வேலையின் படம் என்று வாதிட்டிருக்கிறார். அந்தச் செய்தி இன்னும் நம் மேடைகளுக்கு வந்து சேரவில்லை.

இனி என் பாடத்துக்கு வருகிறேன். முப்பத்து மூன்று வருடம் வேதியியல் நடத்தியவன். ஓவியத்தை யாராவது "ஒளி, ஒளி" என்று மட்டும் சொன்னால் எனக்குக் கை பரபரக்கும். சித்திரத்தில் இருப்பது ஒளி இல்லை. துணி, எண்ணெய், உலோக உப்பு. அவை எங்கிருந்து வந்தன என்று கேட்டால் மறுபடி பெண்களிடம்தான் போய் நிற்கிறோம்.

இந்தப் படம் முழுக்க வெள்ளை. மூன்று வெள்ளைகள் இருக்கின்றன. முதல் வெள்ளை பால். அதைச் சொல்லிவிட்டேன்.

இரண்டாவது வெள்ளை துணி. மொரிஸோவின் வீட்டுப் படங்கள் எதை எடுத்தாலும் வெள்ளைத் துணிதான். 1872-ல் அவர் வரைந்த 'தொட்டில்' உங்களில் பலர் காலண்டரில் பார்த்திருக்கலாம். அவருடைய அக்கா எட்மா, தொட்டிலில் குழந்தை, மேலே மெல்லிய வெள்ளை வலைத்துணி. பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எட்மாவும் தங்கையோடு சேர்ந்து ஓவியம் கற்றவர், இருவர் படங்களும் அரசுக் கண்காட்சியில் தொங்கியிருக்கின்றன. 1869-ல் ஒரு கடற்படை அதிகாரியைத் திருமணம் செய்துகொண்டார், தூரிகையைக் கீழே வைத்தார். அந்தப் படத்தையும் 'தாய்மையின் அமைதி' என்றுதான் சொல்கிறார்கள். கன்னத்தில் கை வைத்துக்கொண்டு அவர் பார்க்கிற பார்வையைப் பார்த்தால் எனக்கு அப்படித் தோன்றவில்லை.

அந்த வெள்ளைத் துணி தானாக வெள்ளையாக இருக்கவில்லை. துவைக்கத் தெரிந்த நம் தலைமுறைக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. பிரான்சில் அன்று பெரிய தொட்டியில் துணியை அடுக்கி, மேலே மரச்சாம்பலை வைத்து, கொதிநீரைத் திரும்பத் திரும்ப ஊற்றிச் சாம்பல் காரத்தை இறக்குவார்கள். நம் உவர்மண்ணும் வெள்ளாவியும் செய்த அதே வேலை, கார வேதியியல்தான். பிறகு ஆற்றில், சேன் நதியில் கட்டிவைத்த சலவைப் படகுகளில் அடித்து அலச வேண்டும். பிறகு கஞ்சி, பிறகு நிலக்கரி அடுப்பில் காய வைத்த இஸ்திரிப் பெட்டி. பாரிஸைச் சுற்றி இந்த வேலையில் இருந்த பெண்களின் கூட்டம் பெரியது. தெகா அவர்களை இஸ்திரி மேசையிலேயே வரைந்தார், கொட்டாவி விடுவது உட்பட. எமில் ஜோலா 1877-ல் ஒரு சலவைக்காரியைக் கதாநாயகியாக வைத்து நாவல் எழுதினார்.

மொரிஸோவும் அவர்களை வரைந்திருக்கிறார். 1875-ல் வரைந்த சின்னப் படம், பள்ளிக்கூட ஸ்லேட்டைவிடச் சற்றுப் பெரிது, 33-க்கு 40 சென்டிமீட்டர். வயல்வெளியில் கொடி கட்டித் துணி காயப்போடும் பெண்கள். இடம் ஜென்வில்லியே, மானே குடும்பத்துக்கு அங்கே சொத்து இருந்தது. இன்று வாஷிங்டனில் தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கிறது. அந்தப் படத்தில் துணிகள் வெறும் வெள்ளைத் தீற்றல்கள். ஆனால் அதைப் பார்த்துவிட்டு ஆஞ்செலின் உடையைப் பாருங்கள். அதே தீற்றல். கொடியில் காய்ந்த வெள்ளைதான் தோட்டத்துக்கு வந்து உட்கார்ந்திருக்கிறது.

வெள்ளைக்கு நீலம் போடுவது நம் வீடுகளிலும் நடந்ததுதான். பழைய துணி மஞ்சளடிக்கும், நீலம் அந்த மஞ்சளைக் கொன்று வெள்ளையாகக் காட்டும். இப்போது வரும் சொட்டு நீலம் வேறு சாயம். அந்தக் காலத்தில் பொட்டலத்தில் வந்த நீலப் பொடி அல்ட்ராமரீன். மொரிஸோவின் தட்டில் இருந்த நீலமும் அதே அல்ட்ராமரீன்தான்! முன்பு ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த நீலக்கல்லை அரைத்து எடுத்ததால் விலை தங்கத்துக்கு நிகராக இருந்தது. அதைச் செயற்கையாகச் செய்பவருக்கு 6000 பிராங்க் பரிசு என்று பாரிஸில் 1824-ல் அறிவித்தார்கள். கிமே என்பவர் களிமண், சோடா, கந்தகம், கரி ஆகியவற்றைச் சூளையில் சுட்டுச் செய்து 1828-ல் பரிசை வாங்கினார். அதற்குப் பிறகு ஓவியருக்கும் சலவைக்காரிக்கும் ஒரே நீலம். சலவைக்காரி அதை வெள்ளைத் துணியில் போட்டு அலசினார். மொரிஸோ வெள்ளை உடையின் நிழலில் அதே நீலத்தைத் தீற்றினார். இரண்டுக்கும் வேதியியல் ஒன்று, கண் ஏமாறும் விதமும் ஒன்று.

(கிமேயின் மகன் எமில் இந்த நீலத் தொழிலின் பணத்தில்தான் கீழை நாடுகளின் சிற்பங்களைச் சேர்த்தார். 1889-ல் பாரிஸில் திறந்த கிமே அருங்காட்சியகம் அவர் பெயரில் இருப்பது. இன்று அங்கே நம் சோழர் காலத்துச் செப்பு நடராஜர் ஒருவர் நிற்கிறார். நீலப் பொட்டலம் எங்கெல்லாம் கொண்டுபோய் விடுகிறது பாருங்கள்.)

மூன்றாவது வெள்ளை பெயின்ட். இதுதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. அந்தக் கால ஓவியர்களின் வெள்ளை பெரும்பாலும் ஈய வெள்ளை, வேதியியலில் கார ஈயக் கார்பனேட். துத்தநாக வெள்ளை கிடைத்தது, ஆனால் உடலும் வேகமும் ஈய வெள்ளைக்குத்தான். சீக்கிரம் உலரும், அழுத்தமாக மூடும், எண்ணெயோடு சேர்ந்து ஒருவித ஈயச் சோப்பாகிக் கெட்டிப்படும். ஒரே அமர்வில் தடிமனாகத் தீற்றி முடிக்கிற இம்ப்ரஷனிஸ்ட் பாணிக்குத் தோதான பொருள்.

அதைச் செய்யும் பழைய முறை இது. ஈயத் தகடுகளை வினிகர் ஊற்றிய மண்பானைகளின்மேல் வைத்துக் குதிரைச் சாணத்தில் அடுக்கடுக்காகப் புதைப்பார்கள். இரண்டு மூன்று மாதத்தில் சூட்டிலும் ஆவியிலும் ஈயம் வெள்ளையாகப் பூத்து உதிரும். அதைச் சுரண்டி, கழுவி, அரைத்து, உலர்த்த வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் விஷத்தூசி. இங்கிலாந்தில் இந்த ஆலைகளில் வெள்ளையைத் தட்டுகளில் அள்ளித் தலையில் சுமந்து உலர்த்தும் அறைக்குக் கொண்டுபோனவர்கள் பெண்கள். வேறு வேலை கிடைக்காத ஏழைப் பெண்கள். வயிற்றுவலி, கை விழுந்துபோதல், வலிப்பு, கருச்சிதைவு. 1868-ல் சார்லஸ் டிக்கன்ஸ் கிழக்கு லண்டன் சந்துகளில் நடந்து இந்தப் பெண்களைப் பார்த்து எழுதியிருக்கிறார். விஷம் என்று தெரிந்தேதான் அவர்கள் போனார்கள், வீட்டில் அடுப்பெரிய. ஆபத்தான பிரிவுகளில் பெண்களை வைக்கக் கூடாது என்று அங்கே தடை வந்தது 1898-ல். பிரான்சில் லீல் நகர ஆலைகளும் இதே ஈயத்தோடு போராடியவைதான்.

மொரிஸோவின் ட்யூபில் இருந்தது எந்த ஆலையின் வெள்ளை என்று நான் சாதிக்க வரவில்லை. ட்யூப் என்ற ஒன்று வந்த பிறகு அந்தக் கேள்வியை யாரும் கேட்கவே தேவையில்லாமல் போயிற்று என்பதுதான் விஷயம். முன்பு பெயின்டைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டி வைப்பார்கள். 1841-ல் ஜான் ராண்ட் என்ற அமெரிக்கர் தகரத்தில் பிதுக்கும் ட்யூபுக்குக் காப்புரிமை வாங்கினார். அதன் பிறகு கடையில் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு தோட்டத்துக்கும் ஆற்றங்கரைக்கும் போகலாம். குழந்தை தூங்கும் நேரத்தில் திறந்து, எழுந்ததும் மூடி வைக்கலாம். தனி ஓவியக்கூடம் வைத்துக்கொள்ளாமல் வரவேற்பறையிலேயே வரைந்த மொரிஸோவுக்கு அது எவ்வளவு உதவி! ட்யூப் அவருக்கு நேரம் கொடுத்தது. அதே ட்யூப், பானைமேல் ஈயம் அடுக்கிய பெண்ணை அவர் கண்ணிலிருந்தும் நம் கண்ணிலிருந்தும் மறைத்தது.

கேன்வாஸும் அப்படித்தான். அது ஆளிச் செடியின் நாரில் நெய்த துணி. நிறத்தைக் குழைக்கும் லின்சீட் எண்ணெய் அதே செடியின் விதை. ஆளி நூல் ஆலைகளில் நாரைச் சுடுநீரில் நனைத்துத்தான் மெல்லிய நூலாக இழுக்க முடியும். நாள் முழுக்க ஈரத் தரையில், நீராவியில் நின்று இழுத்தவர்கள் பெரும்பாலும் பெண்களும் சிறுமிகளும். மொரிஸோ பல படங்களில் ஓரத்தைத் தீட்டாமல் துணி தெரிய விட்டுவிடுவார். 'முடிக்காமல் விட்டுவிட்டார்' என்று அன்றைய விமர்சகர்கள் குறை சொன்னார்கள். எனக்கு அந்த ஓரம் பிடித்திருக்கிறது. அங்கேதான் நூல் தெரிகிறது.

கடைசியாக ஒரு செய்தி. 1921-ல் ஜெனீவாவில் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு ஈய வெள்ளை பற்றி ஓர் ஒப்பந்தம் நிறைவேற்றியது, 13-ஆம் எண். கட்டிடங்களின் உட்சுவரில் ஈய வெள்ளை அடிக்கக் கூடாது என்றது. இரண்டாவது பிரிவிலேயே ஒரு விலக்கு: கலை ஓவியத்துக்கு இது பொருந்தாது. காரணம் புரிகிறது, ஓவியர் செலவிடும் அளவு சொற்பம். ஆனாலும் படித்தபோது கசந்தது. கலை என்றதும் விஷத்துக்கும் விலக்கு, கேள்விக்கும் விலக்கு.

இந்த இடத்தில் இரண்டு பக்கத்திலிருந்தும் எனக்கு அடி விழும் என்று தெரியும்.

ஒரு பக்கம்: "சார், அழகைப் பார்க்க விடுங்கள். சாம்பாரில் பருப்பு விளைந்த வயலைத் தேடுவீர்களா?" தேட மாட்டேன். ஆனால் சாம்பாரைப் பார்த்து "வேலையே இல்லாமல் வந்தது" என்று யாராவது மேடையில் சொன்னால், சமைத்தவரைக் காட்டத்தான் செய்வேன். அழகு இல்லை என்று நான் சொல்லவில்லை. இந்த வெள்ளை அழகுதான். அழகின் விலையை யார் கொடுத்தார்கள் என்று தெரிந்த பிறகும் அது அழகாக இருக்கிறது. என் கண்ணுக்கு இன்னும் கூடுதலாகத் தெரிகிறது.

மறுபக்கம், இளைஞர்கள் சிலர்: "அப்படியானால் மொரிஸோ ஒரு சுரண்டல்காரப் பணக்காரி, அவ்வளவுதானே?" அதுவும் சோம்பேறித்தனம். அதே குழுவில் இருந்த ஆண்கள் மாலையில் காபி விடுதியில் கூடிக் கலை பேசினார்கள், அவர் வீட்டுப் பெண் அங்கே போக முடியாது. அரசு ஓவியப் பள்ளி பெண்களைச் சேர்த்துக்கொண்டதே 1897-ல், அவர் இறந்து இரண்டு வருடம் கழித்து. வீடுதான் அவருக்கு விடப்பட்ட இடம். ஆனால் அந்த வீட்டில் அவர் யாரைப் பார்த்தார்? தாதி ஆஞ்செலை. தோட்டத்தில் உட்கார்ந்து தைக்கும் வேலைப்பெண் பாஸியை. 1886-ல் சாப்பாட்டு அறையில் ஏப்ரனோடு நிற்கும் பணிப்பெண்ணை. ஆஞ்செல், பாஸி இருவர் பெயரையும் படத் தலைப்பில் இன்றும் படிக்கிறோம். நம் வீட்டு ஆல்பங்களில் நமக்குப் பாத்திரம் தேய்த்தவரின் படம் எத்தனை இருக்கிறது? எண்ணிப் பார்த்துவிட்டு அவரைக் குறை சொல்லுங்கள்.

அதோடு, அவர் கதை முடிந்த விதத்தையும் கேளுங்கள். 1895-ல் மகள் ஜூலிக்குக் காய்ச்சல். பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டவருக்கும் தொற்றி, நிமோனியாவாகி, மார்ச் 2-ல் இறந்தார். வயது 54. இறப்புச் சான்றிதழில் தொழில் என்ற இடத்தில் எழுதியது: 'தொழில் எதுவும் இல்லை'. கல்லறையில் பொறித்தது: யூஜின் மானேயின் விதவை. ஏழு கண்காட்சி, நூற்றுக்கணக்கான ஓவியங்கள், தொழில் எதுவும் இல்லை!

ஆஞ்செலின் உழைப்பை 'தாய்மை' என்று சொல்லி அழிக்கிற அதே கை, மொரிஸோவின் உழைப்பை 'விதவை' என்று எழுதி அழித்தது. இருவருக்கும் நடுவே வசதியில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். ஆனால் எழுத்தர் வீட்டுக்குள் நடக்கும் வேலையைப் பார்க்கும்போது இரண்டையும் ஒரே மாதிரித்தான் பார்த்தார்.

அந்த எழுத்தரைத் திட்ட எனக்கு உரிமை இருக்கிறதா என்று யோசித்தேன். 1981-ல் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு ஆசிரியர்களைப் போட்டார்கள், நானும் வீடு வீடாகப் போனேன். படிவத்தில் ஒரு கேள்வி: கடந்த ஆண்டில் எப்போதாவது வேலை செய்தாரா? பெண்கள் பெயர் வந்தால், விவசாயமோ உத்தியோகமோ இல்லையென்றால், 'இல்லை' என்று போட வேண்டும். பக்கத்தில் காரணத்துக்கு 'எச்' என்ற எழுத்து, அதாவது வீட்டு வேலை. வேலை செய்யவில்லை, ஏனென்றால் வீட்டு வேலை செய்தார். இந்த வாக்கியத்தை நூறு தடவைக்கு மேல் எழுதியிருக்கிறேன், ஒரு தடவைகூடப் பேனா நிற்கவில்லை. எங்கள் தெருவும் என் பகுதியில்தான் இருந்தது. எங்கள் வீட்டுப் படிவத்தை எழுதும்போது அம்மா உள்ளே மாவாட்டிக்கொண்டிருந்தார். கல்லுரல் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. 'இல்லை' என்று எழுதினேன்.

ஆகவே வாசகர் வட்ட நண்பரே, உங்களிடம் சண்டைக்கு வரவில்லை. அடுத்த முறை இந்தப் படத்தைக் காட்டும்போது, "இரண்டு பெண்கள் வேலை செய்கிறார்கள், ஒருவர் பால் கொடுக்கிறார், ஒருவர் வரைகிறார்" என்று மட்டும் சொல்லுங்கள். பிறகு ஒளியைப் பற்றி எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசுங்கள். முன்வரிசையில் உட்கார்ந்து கேட்கிறேன்.